நெட்டைக்காலி கோட்டைக்குள் போன விதம்

மார்ச் 4

அண்ணி,

இந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அண்ணனும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. காகிதங்களில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இனி உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. வேறு எந்தச் சொல்லும் உங்கள் முகத்தோடு ஒட்டாததால் இதையே வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் சொல்லுங்கள்.

போன் செய்யாமல் எழுதுகிறேன். போனில் பேசினால் "சாப்டியா", "சாப்டேன்" என்று நாம் இருவருமே தப்பித்துக்கொள்வோம்.

நான் நன்றாக இருக்கிறேன். அதே கம்பெனி, அதே சலவை இயந்திரக் கையேடுகள். "கதவு சரியாக மூடியிருப்பதை உறுதி செய்யவும்" என்ற வாக்கியத்தை இந்த மாதம் பதினொரு மாடல்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டு வாசல் கதவு ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. அதே சாப்பாட்டு மேசை. தபால்காரர் அதே மந்திரவாதிதான், அண்ணன் அதே போர்வீரன். உங்கள் நாற்காலியில் புதிதாக ஒரு பல் டாக்டர் உட்காருகிறார். அண்ணனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். அவருக்கு ஆட்டத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உலகத்தை நான் சொல்வேன், அதில் நீங்கள் ஒரு ஆளாக இருந்து என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும், அது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும் என்றேன்.

"அப்ப ஜெயிக்கறது யாரு?" என்றார்.

"யாரும் இல்ல டாக்டர்."

"அப்புறம் எதுக்கு விளையாடறீங்க?"

"ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு வாரா வாரம் வந்துடுதே," என்றார் தபால்காரர்.

டாக்டர் திருடன் வேடம் எடுத்துக்கொண்டார். பொருத்தம்தான் என்று அண்ணன் சொன்னான். டாக்டரும் சிரித்துவிட்டார்.

எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தில் நீங்கள் எடுத்த வேடம், நெட்டைக்காலி, அவளுடைய தாள் என்னிடம் இருக்கிறது. இடுப்புக்கு மேலே பெண், கீழே நாரை என்று நீங்கள் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய அதே தாள். நீங்கள் போன பிறகும் அவள் எங்களோடுதான் வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்காகப் பேச ஆள் இல்லை, ஆனால் இருக்கிறாள். தாளை உங்களுக்கு அனுப்பட்டுமா, நானே வைத்திருக்கட்டுமா? நாங்கள் இப்போது கோட்டை நகரத்துக்குள் இருக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன்.

பொடிசு


மார்ச் 11

பொடிசு,

அண்ணி என்றே எழுது. எனக்கும் வேறு தெரியவில்லை.

நான் இங்கே கால்நடை மருத்துவமனை மாடியில் ஒரு அறையில் இருக்கிறேன். கீழே ஆறு கூண்டுகள். காலையில் ஒரு நாய் ஆரம்பித்தால் மற்றவை கூடச் சேர்ந்துகொள்ளும். அலாரம் வைக்கும் வேலை இல்லை. டாக்டரம்மா கத்துவார், ஆனால் வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கத்துவார். போன மாதத்திலிருந்து தையல் போட விடுகிறார். நன்றாகத்தான் போடுகிறேன்.

தாள் விஷயம் பிறகு. எனக்கு ஒன்று புரியவில்லை. கோட்டைக்குள் இருக்கிறோம் என்கிறாய். நெட்டைக்காலியுமா?

நீ பதினேழு வயதில் எழுதிய விதி எனக்கு மறக்கவில்லை. பாதி மனிதர், பாதி பிராணியாகப் பிறந்தவர்களுக்கு நீ பாதியர் என்று பேர் வைத்தாய். காட்டில், சதுப்பில், சாலையில் அவர்கள் இஷ்டம் போல இருக்கலாம். கோட்டைக்குள் போக வேண்டுமானால் வாசலில் நின்று, ஆள் அல்லது பிராணி என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் என்று சொன்னால் வாலோ செதிலோ, எது இருக்கிறதோ அதைத் துணியால் சுற்றிக்கொண்டு சாகும்வரை அவிழ்க்கக் கூடாது. பிராணி என்றால் கழுத்தில் கயிறு. அதை யாராவது பிடித்திருக்க வேண்டும். உள்ளே பேசக் கூடாது. வாழ்நாளில் ஒருமுறைதான் சொல்லலாம். பிறகு மாற்ற முடியாது.

ஐந்து வருடம் நான் எதையும் சொல்லவில்லை. வாசல் வந்தால் "சுத்திப் போலாம்" என்பேன். எத்தனை கோட்டைகளைச் சுற்றிக்கொண்டு போனோம். உன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருவார். ஆனால் வருவார்.

அவள் எப்படி உள்ளே போனாள்? என்ன சொன்னாள்?


மார்ச் 16

அண்ணி,

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் கடைசிப் பத்தியில் அந்த வரியை நுழைத்தேன். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை.

டாக்டருடைய திருடன் ஒரு பெட்டியைத் திறக்கப் போய் விஷ ஊசி குத்திவிட்டது. மாற்று மருந்து கோட்டைக்குள் மட்டும்தான். சுற்றிப் போனால் அடுத்த ஊருக்கு மூன்று நாள். அவருக்கு இருந்தது ஒரு நாள். பகடை அப்படி விழுந்தது, நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஊசியை நான்தான் வைத்தேன்.

வாசலில் நின்றோம்.

"அந்த அம்மாவை வெளியில விட்டுட்டு நாம போயிட்டு வந்துடலாமே," என்றார் டாக்டர். அவருக்கு உங்களைத் தெரியாது.

"அவளை விட்டுட்டுப் போறதில்ல," என்றான் அண்ணன்.

"அப்ப நான் சாகறதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "பிராணின்னு சொல்லிடு. கயிறை நான் புடிச்சுக்கறேன்."

"யாரு சொல்றது?"

"நீதான். ஆட்டத்தை நடத்தறது நீதானே."

அந்த இடத்தில் நான் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று பிறகு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். காவலன் தூங்கிவிட்டான் என்றிருக்கலாம். மருந்து விற்பவன் வெளியே வந்தான் என்றிருக்கலாம். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளுடைய வாயால், "பிராணி," என்றேன்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலில் சொன்னேன். நீங்கள் கொஞ்சம் இழுத்து, மூக்கால் பேசுவீர்களே, அப்படி. தானாக வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கே தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

பிறகு அவளுடைய தாளில் வகை என்ற இடத்தில் இருந்த கேள்விக்குறியை அழித்துவிட்டு, பிராணி என்று எழுதினேன். பேனாவால்.

அண்ணன் அன்றிலிருந்து கயிற்றை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. சத்திரத்தில் அவன் சாப்பிடப் போகும்போது டாக்டர், "குடுங்க, நான் புடிச்சுக்கறேன்," என்றால், "வேணாம்," என்கிறான். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் ஆரம்பிக்கும்போது, "நெட்டைக்காலிக்குத் தண்ணி வெச்சாச்சா?" என்று கேட்கிறான். அது கேலியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரிவதில்லை. உங்களுக்குத் தெரியுமே அந்த முகம்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

பொடிசு


ஏப்ரல் 2

பொடிசு,

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஒரு காகிதத்தில் இருக்கும் நாரைக்கால் பெண்ணுக்காக எனக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்று தெரியவில்லை. முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு ஆட்டுக்குக் கட்டுப் போடும்போது கத்தரிக்கோலை இரண்டு தடவை கீழே போட்டேன். "காப்பி ஜாஸ்தியாயிடுச்சா?" என்றார் டாக்டரம்மா. ஆமாம் என்றேன்.

உன் அண்ணன் கெட்டவர் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் சொன்னால், அப்புறம் ஏன் வந்துவிட்டாய் என்று கேட்பார்கள். எனக்காகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு. யார் வீட்டுக்குப் போனாலும், "அவ டீ குடிக்க மாட்டா." நான் குடிப்பேன். "அவளுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்கும்." வாங்காது. முதல் வருடம் அது அக்கறை என்று நினைத்தேன். அக்கறையாகவும் இருந்திருக்கலாம், இப்போதும் எனக்குக் குழப்பம்தான். கடைசியில் உங்கள் சித்தப்பா வந்திருந்த அன்று, "அவ வேலையை விடறா," என்றார். நான் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலையை விடப் போகிறேன் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்த மேசையில் மட்டும்தான் எனக்காக அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நெட்டைக்காலி என்ன செய்கிறாள் என்று நீ என்னைத்தான் கேட்பாய். என் முகத்தைப் பார்த்துக் கேட்பாய். அவரும் என் பதிலுக்காகக் காத்திருப்பார். வாரத்தில் மூன்று மணி நேரம்.

இப்போது நீ.

போன வாரம் ஒரு நாரையைக் கொண்டுவந்தார்கள். மீன் தூண்டிலின் நைலான் நரம்பு காலில் சுற்றி, சதை வரை அறுத்திருந்தது. நீ முதலில் விதிப் புத்தகத்தில், நாரையின் முழங்கால் பின்பக்கம் மடங்கும் என்று எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அது முழங்கால் இல்லை, கணுக்கால் என்று நான்தான் திருத்தினேன். அந்தக் கணுக்காலில்தான் நரம்பு. ஒரு மணி நேரம் ஆயிற்று எடுக்க. பிறகு கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. யாருமில்லை என்று எழுதினேன், ஏற்கவில்லை. பின்னால் ஒரு பூனை காத்துக்கொண்டிருந்தது. என் பெயரைப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிட வேலை. உன் வாசலில் நீ நின்றதும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. தோன்றியது என்பதற்காகக் கோபம் போய்விடவில்லை.

இனி அவளை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். கொன்றுவிடு. கூரை இடிந்து விழுந்தது என்று ஏதாவது சொல். தாளை எனக்கு அனுப்ப வேண்டாம்.


ஏப்ரல் 7

அண்ணி,

முயற்சி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சத்திரத்தின் கூரையில் விரிசல் விடுகிறது என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் உடனே, "நெட்டைக்காலியை வெளியில இழுக்கறேன்," என்றான். இருபது முகப் பகடையை உருட்டினான். பத்தொன்பது. கூரை விழுந்தது. சத்திரத்துக்காரனின் பானைகள்தான் உடைந்தன.

அடுத்து ஒரு காய்ச்சலைக் கொண்டுவந்தேன். தபால்காரர் தன்னிடமிருந்த கடைசி மந்திரத்தை அவளுக்காகச் செலவழித்துவிட்டார். பிறகு பகடையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, அவ மேல என்ன கோபம் உனக்கு?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு எழுதுகிறேன் என்பதையும், அவளைக் கொல்லச் சொன்னது நீங்கள்தான் என்பதையும் அப்போது சொல்லிவிட்டேன். தபால்காரருக்கு முன்பே தெரியும். உங்கள் கடிதங்களை அவர்தானே கொண்டுவந்து, அண்ணன் கண்ணில் படாமல் என் ஆபீஸ் பைக்குள் போடுகிறார். அண்ணனுக்குத் தெரியாது.

"கொல்லச் சொன்னாளா? அவளேவா சொன்னா?" என்றான்.

"ஆமா."

கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். "அவளே வந்து சொல்லட்டும்," என்றான். உடனே, "வேணாம். வர வேணாம். எழுதட்டும்," என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எழுதறான்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்ல," என்றான்.

டாக்டர் பாவம், சமாதானம் பண்ணப் பார்த்தார். "இவ்ளோ கஷ்டம் எதுக்கு? விதியை எழுதினது இந்தப் பொண்ணுதானே. அடிச்சிட்டு வேற எழுதிக்கட்டுமே. பாதியர் எல்லாரும் சும்மா உள்ள வரலாம்னு."

"அப்ப நாங்க அஞ்சு வருஷம் சேத்துல நடந்தது எதுக்கு?" என்றார் தபால்காரர்.

"நாமதான் கஷ்டப்பட்டோம்," என்றான் அண்ணன். "அவ அந்தக் காலை வெச்சுக்கிட்டு ஜாலியா நடந்தா."

அப்போது அவன் முகத்தில் ஒன்று இருந்தது. சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தது, சிரிப்பு இல்லை.

நான் இந்த விதியை ஏன் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதினேழு வயதில் கண்ணில் பட்ட புத்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். கடுமையான விதி இருந்தால்தான் ஓர் உலகம் நிஜமாக இருக்கும் என்று அவற்றிலிருந்து எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். பாதியர்களை நான் உண்டாக்கியது அவர்கள் அழகாக இருப்பார்கள் என்பதற்காக. அவர்கள் எங்கே தூங்குவார்கள், மழையில் எங்கே ஒதுங்குவார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கோட்டைகளுக்கு வரைபடம் போட்டேன், சாக்கடைகூடப் போட்டேன். அவர்களுக்கு வாசலை மட்டும்தான் போட்டேன். நீங்கள் வந்து அவளாக உட்காரும்வரை இது எனக்கு உறைக்கவில்லை. உட்கார்ந்த பிறகும் ஐந்து வருடம் உறைக்கவில்லை.

விதியை அடிக்கட்டுமா? அடித்தால் நீங்கள் சுற்றிப் போனதெல்லாம் வீண் என்றாகுமா? அடிக்காவிட்டால் அவள் ஊமையாக, கயிற்றோடு. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அவளைக் கொல்ல மேசையில் யாரும் விடமாட்டேன் என்கிறார்கள், அண்ணன் உட்பட. அது நல்லதா கெட்டதா என்பதும் தெரியவில்லை.

ஆட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். நெட்டைக்காலி கோட்டையின் கடைத்தெருவில் நிற்கிறாள். காலை நேரம். அண்ணன் கையில் கயிறு. முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அவள் என்ன செய்கிறாள்?

பொடிசு


ஏப்ரல் 19

பொடிசு,

உன் கேள்வியைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து, மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது, இருந்தாலும் பூட்டினேன்.

விதியை அடிக்காதே. தபால்காரர் சொன்னதற்காக இல்லை. நீ அடித்தால் அவள் உள்ளே வந்தது உன் தயவால் என்றாகிவிடும்.

உன் விதிப் புத்தகத்தின் நகல் என் பெட்டிக்குள் வந்துவிட்டிருக்கிறது. ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்காதே. கம்பளியை எடுத்து வர மறந்தேன், இதை எடுத்து வந்திருக்கிறேன். மறுபடி படித்தேன். கோட்டைக்குள் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். பேசினால் என்ன ஆகும் என்று எழுதவே இல்லை. சலவை இயந்திரத்துக்கு எழுதப் போகும் முன்பே உனக்கு அந்தப் புத்தி இருந்திருக்கிறது. செய்யாதே என்று சொல்லிவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறாய்.

இங்கே என்னை அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே இயந்திரம் வருகிறதாம். மே கடைசி வரை நேரம். பன்னிரண்டு வீடு பார்த்துவிட்டேன். கதவைத் திறந்தவுடன் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார்கள், யார் வந்திருக்கிறார்கள் என்று. யாரும் இல்லை என்றதும், கல்யாணம் ஆகிவிட்டதா என்கிறார்கள். ஆயிற்று என்றால், எங்கே அவர் என்கிறார்கள். இல்லை என்றால், பொய் சொன்ன மாதிரி இருக்கிறது. ஒரு கட்டத்தில் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்விக்கு அது தப்பான பதிலாகிவிடுகிறது. ஒரு வீட்டம்மாள், "ஒண்ணு இப்பிடி இருக்கணும், இல்ல அப்பிடி இருக்கணும், நான் எப்படிப் புரிஞ்சுக்கறது?" என்றார். அவருக்கு உண்மையிலேயே குழப்பம். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

ஆகவே இதுதான் அவள் செய்வது. இதை நீ உன் குரலிலும் சொல்லாதே, என் குரலிலும் சொல்லாதே. இந்தக் காகிதத்தைப் பார்த்து அப்படியே வாசிக்க வேண்டும்.

நெட்டைக்காலி கடைத்தெருவில் நிற்கிறாள். எதிரில் ஒரு வீடு. மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, உள்ளே சாமான் எதுவும் தெரியவில்லை. அவள் கதவைத் தட்டுகிறாள். எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணமாக, "மேல இருக்கற அறை வாடகைக்கா?" என்று கேட்கிறாள்.

அவ்வளவுதான். இது சரியா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அவளை வெட்டிப்போடுவார்கள். அது நீ சொல்ல வேண்டியது, நடத்துகிறவள் நீ. ஆனால் கேட்டது அவள்.


மே 5

அண்ணி,

தபால்காரரை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தந்தி வாசிப்பதுபோல எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்தார். வாசித்து முடித்ததும் காகிதத்தை மடித்து மேசை நடுவில் வைத்தார். யாரும் அதை எடுக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பகடையைக் கையில் எடுத்தேன். எத்தனை விழுந்தால் என்ன நடக்கும் என்று முடிவு செய்யாமல் உருட்டுவதில் அர்த்தமில்லை என்று வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நிற்கிறார்கள். ஒரு காவலன் ஓடி வருகிறான். ஈட்டியைத் தூக்குகிறான். தூக்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் பேசியதில்லை. பக்கத்தில் இருந்த காவலனிடம், "பேசினா என்ன பண்ணணும்?" என்கிறான். "பேசக் கூடாது," என்கிறான் அவன். "பேசிட்டாளே?" "பேசக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு." மேலதிகாரியைக் கேட்டு வருகிறேன் என்று முதல் காவலன் போகிறான்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய கிளினிக்கில் எந்த விஷயத்துக்கும் இப்படித்தானாம்.

அண்ணன் சிரிக்கவில்லை. "கயிறு இன்னும் என் கைலதான் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"விட்டுட்டா?"

"யாராவது புடிச்சிருக்கணும்னு விதி. விட்டா அவளைப் புடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

"புடிச்சிருந்தா, நானும்ல அந்தக் கதவுக்கு முன்னாடி நிக்கணும்?"

"ஆமா."

"நான் அங்க நின்னா, வீட்டுக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க," என்றான். "நானும் ஏதாவது சொல்லித் தொலைப்பேன்."

இதை அவன் யோசித்துத்தான் சொன்னானா என்று எனக்குத் தெரியாது அண்ணி. அவன் சொன்னதை எழுதுகிறேன், சொன்ன விதத்தை எழுத வரவில்லை. ரொம்ப நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "யாராவது புடிச்சிருக்கணும்னுதானே இருக்கு? அவ கைலயே குடுத்துடறேன்," என்றான்.

"அது செல்லுமா?" என்றார் டாக்டர்.

எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். "தெரியல," என்றேன். "ஆனா குடுத்தாச்சு."

அவன் எழுந்து டீ கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான்கு கோப்பைகளுக்கு அத்தனை தண்ணீர் வேண்டாம்.

அவன் இல்லாதபோது ஆட்டத்தைத் தொடரலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் நெட்டைக்காலி தட்டிய கதவைத் திறந்தேன். வீட்டுக்காரி நடுத்தர வயது. கையில் மாவு. நெட்டைக்காலியை மேலிருந்து கீழே பார்க்கிறாள், கீழிருந்து மேலே பார்க்கிறாள். கயிற்றைப் பார்க்கிறாள், அது போய்ச் சேரும் கையைப் பார்க்கிறாள். எதுவும் புரியாமல், எப்போதும் எல்லோரிடமும் கேட்பதையே கேட்கிறாள்: "எத்தனை பேரு?"

அங்கே நிறுத்தினேன். இந்தக் கேள்விக்கு மேசையில் இருக்கும் யாரும் பதில் சொல்ல முடியாது.

பொடிசு


மே 27

பொடிசு,

வீட்டுக்காரியிடம் அவள் சொல்வது: "ஒருத்திதான். நாத்தனார் ஒருத்தி மாசத்துக்கு ஒரு தடவை வந்து தங்குவா." மாடிப்படியின் நிலை உயரம் எவ்வளவு என்றும் கேட்கிறாள். அவளுக்குக் குனிந்து பழக்கமில்லை.

எனக்கும் அறை கிடைத்துவிட்டது. பதினெட்டாவது வீடு. பஸ் டிப்போவுக்குப் பின்னால், மாடி, ஜன்னலைத் திறந்தால் டீசல் வாசம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கண்டக்டர். அவரிடமும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

"நாத்தனாரா? அப்ப வீட்டுக்காரர்?" என்றார்.

"இல்ல."

"இறந்துட்டாரா?"

"இல்ல, நல்லா இருக்காரு. பிரிஞ்சுட்டோம்."

"அப்ப நாத்தனார் எப்படிம்மா?"

"தெரியல சார். ஆனா வருவா."

நெற்றியைச் சொறிந்துகொண்டார். பிறகு, சாவி எத்தனை வேண்டும் என்று கேட்டார். இரண்டு வாங்கியிருக்கிறேன்.